நெவ்யானாவின் இரண்டாம் அறிவிப்பு

கண்காட்சி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. "உங்க அக்கா படங்களை மாட்டிக்கிட்டு இருக்கோம், வந்து ஒரு பார்வை பாருங்க" என்று கலைக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்ததும், தாஃபினா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அவரைக்கொட்டைச் சூப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதை இறக்கிவைத்தது அவள் கணவன் ஸ்தமென். அந்த வீட்டில் தாஃபினா ஆரம்பித்ததை எல்லாம் முடித்துவைக்கிற பொறுப்பு கல்யாணமான நாளிலிருந்து அவனுடையதுதான்.

பெலோப்ரெக் பெரிய ஊர் இல்லை. தான்யூப் நதிக்கரையில் பழைய தானியக் கிடங்கு ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, கலைக்கூடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இன்னும் கோதுமை வாசனை போகவில்லை. அக்கா நெவ்யானாவின் படங்களை அங்கே மாட்டிக்கொண்டிருந்தவன் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ராதோஸ்லாவ். வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு வருடமாக அவளைப் பற்றியே பேசி, அவளைப் பற்றியே எழுதி, கடைசியில் அவள் பிறந்த ஊருக்கே கண்காட்சியைக் கொண்டுவந்துவிட்டான். தாஃபினாவுக்கு அவனைப் பிடிக்கும். செத்துப்போன அக்காவுக்காக இவ்வளவு ஓடியாடுகிற ஒருவனை யாருக்குத்தான் பிடிக்காது?

முதல் அறையில் முகங்கள். கரித்துண்டால் வரைந்தவை. அழுகிற முகங்கள், அழுகை வராமல் தவிக்கிற முகங்கள், மூக்குச் சிந்துகிற முகம் ஒன்று. எல்லாம் எங்கள் ஊர் முகங்கள்தான். அந்தப் படங்களின் கதை தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதிக் கதை அதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், அவர் படத்தையும் பெயரையும் நாலு வரியையும் கறுப்புக் கட்டம் கட்டி ஒரு தாளில் அச்சடித்து, வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் மரத்திலும் ஒட்டுவோம். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் கதவு கதவாகப் படித்துக்கொண்டே போவார்கள். ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டோம். மழையும் காற்றும் கிழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். அடுத்த வருடம் இன்னொன்று ஒட்டுவோம், அதற்குப் பிறகும் ஒட்டுவோம். செத்தவர்களை நாங்கள் சுலபத்தில் விடுகிற ஜனம் இல்லை.

நெவ்யானா ஸ்த்ராஹிலோவா ஓவியக் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவள். அவளை ஊறுகாய்த் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடச் சுவரில் உழைக்கும் வீரர்களை வரையச் சொன்னார்கள். அவள் வரைந்த வீரர்கள் எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது நாட்டை ஆண்ட கட்சிக்காரர்கள் ஒரே நாளில் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டு, அவளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த மறுவாரம் ஊர் முழுக்க ஓர் அறிவிப்பு. அவளுடைய படம், அவளுடைய பெயர், கறுப்புக் கட்டம். 'ஓவியர் நெவ்யானா, நீண்டகாலக் கீழ்ப்படிதலால் மூச்சுத் திணறி, இருபத்துநான்கு வயதில் இறந்தார்.' அறிவிப்பில் படத்தையும் பெயரையும்தான் எல்லாரும் பார்ப்பார்கள், வரிகளை யார் படிக்கிறார்கள்? ஊரே அழுதுகொண்டு, செத்தவர்களுக்காகக் கொடுக்கிற அவித்த கோதுமையும் பூவுமாகப் போய்க் கதவைத் தட்டியது. கதவைத் திறந்தது நெவ்யானா.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அப்படியே இருங்க, மூஞ்சியை மாத்தாதீங்க" என்றாளாம். கையில் கரித்துண்டு. வந்தவர்கள் திகைத்து நின்ற நேரத்தில் அவள் ஒவ்வொருவராக வரைந்து தள்ளிவிட்டாள்.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. போலீஸ் வந்தது, பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அப்பாவைக் கிடங்குக் காவலுக்கு மாற்றினார்கள், அதெல்லாம் வேறு. ஊருக்கு வந்த கோபம் வேறு மாதிரி. நாங்கள் நிஜமாக அழுதோமே, அதை வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தாளே என்கிற கோபம். நியாயமான கோபம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதத்தில் நெவ்யானா நிஜமாகவே செத்துப்போனாள். சோஃபியாவில் ஒரு குளிர்ந்த அறையில் காய்ச்சல் வந்து, அது மூளைக்கு ஏறி, மூன்று நாளில் முடிந்துவிட்டது. தொற்றும் என்று பயந்து மருத்துவமனையிலேயே பெட்டியை மூடி ஈயம் காய்ச்சி அடைத்து அனுப்பினார்கள். அப்பா அறிவிப்பு எழுதினார். படத்தைத் தேர்ந்தெடுத்தது தாஃபினா. அப்போது அவள் மருந்தியல் படிக்கிற மாணவி. ஊர் முழுக்க ஒட்டியதும் அவள்தான், அழுதுகொண்டே.

யாரும் வரவில்லை. அப்பா, அம்மா, தாஃபினா, குழி வெட்டுகிறவர். அவ்வளவுதான். 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா?' என்று ஊர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டது. திறந்த பெட்டியில் முகம் பார்த்துத்தான் எங்கள் ஊரில் வழியனுப்புவோம்; மூடிய பெட்டி என்றதும் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு அப்பா, 'இனி இந்த வீட்டிலிருந்து ஒரு காகிதமும் வெளியே போகாது' என்று சொல்லிவிட்டார். போகவும் இல்லை. நாற்பதாம் நாளுக்கு இல்லை, முதல் வருடத்துக்கு இல்லை, அப்பா அம்மா போன பிறகும் இல்லை.

அதனால் கடைசி அறைக்குள் போனபோது தாஃபினாவுக்கு முதலில் புரியவில்லை. பெரிய வெள்ளைச் சுவர். ஒரே ஒரு விளக்கு. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய ஒரு தாள். அக்கா கொஞ்சம் தலை சாய்த்துச் சிரிக்கிறாள். அந்தப் படத்தை எடுத்ததே தாஃபினாதான், படகுத்துறையில். கீழே அப்பாவின் நாலு வரி.

பக்கத்தில் சின்ன அட்டை: 'இரண்டாம் அறிவிப்பு. 1986. தன் மரணத்தை முன்கூட்டியே அறிவித்த கலைஞரின் கடைசிப் படைப்பு, உச்சம்.'

தாஃபினா அட்டையை இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக் காது சூடானது.

"எப்படியிருக்கு மேடம்?" என்று பின்னாலிருந்து ராதோஸ்லாவ் கேட்டான். குரலில் பெருமை. "முழுக் கண்காட்சியும் இந்தச் சுவரை நோக்கித்தான் வருது. இங்க வந்ததும் ஜனங்க பேச்சு நின்னுபோயிடும்."

"எனக்கும் நின்னுபோச்சு. இது எங்கிருந்து கிடைச்சுது?"

"அவங்க கூடப் படிச்ச ஒருத்தர் இங்க ஒரு மரத்துலேருந்து பக்குவமா உரிச்சு எடுத்து வெச்சிருந்தார். இப்ப ஒரு தனியார் சேகரிப்புல இருக்கு. உலகத்துலயே ஒண்ணுதான்."

"உரிச்சு எடுத்தானா? கை அழுகாம இருந்துச்சே அவனுக்கு" என்றாள் தாஃபினா. "தம்பி, இது படைப்பு இல்லை. இது அறிவிப்பு. எங்க அக்கா செத்தா, நாங்க ஒட்டினோம். அந்த நாலு வரி எங்க அப்பா எழுதினது. அந்த மரத்துல பசை தடவினது இந்தக் கை."

ராதோஸ்லாவ் சிரித்தான், பிறகு அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினான். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... நிச்சயமாவா?"

"எங்கிட்டயே கேக்கறியா?"

"இல்லை, அப்படி இல்லை. ஆனா எல்லாப் புத்தகத்துலயும்... நானே ஒரு கட்டுரை பூரா இதைப் பத்தி..." அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "விவரப் புத்தகம் அச்சாயிடுச்சு. அட்டையிலயே இந்தப் படம்தான். இந்தத் தாளை வெச்சிருக்கறவங்களோட போட்ட ஒப்பந்தத்துல எங்க மாட்டணும், என்ன எழுதணும்னு வரைக்கும் இருக்கு. அமைச்சகத்துலேருந்து வேற வராங்க. கண்காட்சி முடியட்டும், அப்புறமா நானே முறையா எழுதிச் சரி பண்றேன். சத்தியமா."

"எப்போ?"

"இலையுதிர் காலத்துக்குள்ள."

"அவளை ஒரு தடவைதான் புதைச்சோம் தம்பி, அதுக்கே யாரும் வரல. இப்ப நீங்க அவ செத்ததையும் ஒரு வேடிக்கைன்னு சொல்லிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க. ஊருக்கு என்ன தோணும்? 'பாத்தியா, நாம அன்னிக்குப் போகாதது சரிதான்'னு தோணும். இதை இறக்கு."

"என்னால முடியாது மேடம்."

"சரி" என்றாள் தாஃபினா. அவள் சரி என்று அவ்வளவு சீக்கிரம் சொன்னால் ஸ்தமென் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவான். பாவம், ராதோஸ்லாவுக்கு அது தெரியாது. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

அங்கிருந்து நேராக அவள் போனது சந்தைக்குப் பின்னால் இருக்கிற சாவுச் சாமான் கடைக்கு. மாலை, மெழுகுவர்த்தி, பெட்டி, அறிவிப்பு எல்லாம் அங்கேதான். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "எத்தனை வருஷம் போடணும்?"

"நாற்பது வருஷம் அவள் இல்லாமல்னு போடு. பேரு, படம். கீழ, 'இறந்தது உண்மை'ன்னு ஒரு வரி."

"அப்படியெல்லாம் யாரும் போட மாட்டாங்களேம்மா."

"எங்க வீட்டுல போடணும். அதுக்குக் கீழ, 'சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கலைக்கூடத்தில் கோதுமை கொடுக்கப்படும்'. பெரிய எழுத்துல போடு, எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் கண்புரை."

மறுநாள் காலையிலிருந்தே ஒட்ட ஆரம்பித்தாள். வாளி, தூரிகை, தோளில் ஒரு பை. ஸ்தமென் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். "மருந்துக்கடையை மூடிட்டு மூணு நாளா ஊரைச் சுத்தினா ஜனங்க மாத்திரைக்கு எங்க போவாங்க?" என்று ஒரு தடவை கேட்டான். "மூணு நாள் மாத்திரை சாப்பிடாம இருந்தா கொஞ்சம் ஆரோக்கியமாத்தான் இருப்பாங்க" என்றாள் அவள். மார்ச் மாதம், வசந்தத்தை வரவேற்று எல்லார் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்ட சிவப்பும் வெள்ளையுமான நூல். நதியிலிருந்து வந்த காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. அவள் உள்ளங்கையால் அறைந்து அறைந்து ஒட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தில் பராஷ்கெவ் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதியவர். முதல் அறிவிப்பை நம்பி முழுக் குழுவோடு போய் நின்றவர் அவர். கலைக்கூடத்து முதல் அறையில் மூக்குச் சிந்துகிற முகம் அவருடையதுதான். இரண்டாம் தடவை, 'எவனும் வாத்தியத்தை எடுக்கக் கூடாது' என்று குழுவைத் தடுத்தவரும் அவர்தான்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அறிவிப்பைப் படித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"என்ன தாஃபினா, இது எத்தனாவது சாவு?"

"ஒண்ணாவது மாமா. அன்னிக்கும் ஒண்ணாவதுதான், இன்னிக்கும் ஒண்ணாவதுதான்."

"யார் கிட்ட கதை விடறே? அந்தப் பொண்ணு வியன்னாவுல இருக்கா. அறுபத்தாறு வயசு ஆயிருக்கும். நல்லா சம்பாதிச்சு, ஒரு பெரிய நாயை வெச்சுக்கிட்டு, மூணாம் புருஷனைத் திட்டிக்கிட்டு இருப்பா."

தாஃபினா தூரிகையோடு நின்றுவிட்டாள். ஊரில் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று அரசல்புரசலாக அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்துக்கு நேராக இதுவரை யாரும் சொன்னதில்லை.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? ஈயம் அடைச்ச பெட்டி. உள்ளே கல்லு. இவ அதுக்குள்ள படகு பிடிச்சு ருமேனியா, அங்கேருந்து வியன்னா. போலீஸ்காரன் மூஞ்சியில கரி. நாங்க அன்னிக்கு வராம இருந்ததே அவளுக்கு ஒத்தாசைக்குத்தான்னு வெச்சுக்கோயேன். ஊரே போய் அழுதிருந்தா அவளுக்கு மனசு கேக்காம சிரிச்சிருப்பா, மாட்டியிருப்பா." அவர் முகம் மலர்ந்திருந்தது. "எனக்கு ஒரு வாழ்த்து அட்டை கூட வந்துச்சு. பேர் போடல. வியன்னா முத்திரை."

"உங்க பொண்ணு அப்போ வியன்னாவுக்குச் சுற்றுலா போயிருந்தா மாமா."

"அவ போடலேன்னு சொல்றா."

"உங்க பொண்ணு எதைத்தான் ஒத்துக்கிட்டா?"

பராஷ்கெவ் எழுந்தார், தடியை ஊன்றிக்கொண்டு. "நான் வரமாட்டேன். ஒரு தடவை அவ வாசல்ல போய் அசடு வழிஞ்சது போதும். நான் உள்ள நுழைவேன், கதவுக்குப் பின்னாலேருந்து அவ வந்து 'மூஞ்சியை மாத்தாதீங்க மாமா'ம்பா. போ, போ, வேற யாராவது இளிச்சவாயனைப் பாரு."

தாஃபினாவுக்குக் கோபம் வந்தது. அதைவிட வேறு ஒன்றும் வந்தது. நாற்பது வருடமாக அவள் இந்த ஊரை வெறுத்திருக்கிறாள். மாத்திரை கொடுக்கும்போதுகூட, 'நீ வரவில்லை, நீயும் வரவில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கொடுத்திருக்கிறாள். இவர்களோ அக்காவை உயிரோடு வைத்திருந்திருக்கிறார்கள், நாயும் புருஷனுமாக. அதைப் போய்த் தானே உடைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது தூரிகை ஒரு நிமிடம் கனத்தது. ஸ்தமென் அவள் முகத்தைப் பார்த்து, "வீட்டுக்குப் போயிடலாமா தாஃபி?" என்றான்.

"வேண்டாம். பசை காய்ஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை ராதோஸ்லாவ் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான். தாஃபினா சமையலறையில் கோதுமை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் சுவரொட்டிக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கீங்க! கலைக்கூடக் கதவுல கூட! திறப்பு விழாவுக்கு ஒயினும் வயலினும் ஏற்பாடு பண்ணியிருக்கேன். நீங்க அதைக் காரியம் ஆக்கிட்டீங்க."

"கதவுல இருக்கறதைக் கிழிச்சுப் போடேன்."

சோஃபியாவில் வளர்ந்தாலும் அவனும் எங்கள் நாட்டுப் பையன்தானே. அவனுக்கும் கை வராது.

"தம்பி, உன்னை எதையும் இறக்கச் சொல்லல. ஒப்பந்தம் இருக்கு, புத்தகம் இருக்கு, சரி. நீ உன் கண்காட்சியைத் திற. நான் என் அக்காவுக்குக் கோதுமை கொடுக்கறேன். ரெண்டும் ஒரே கூடத்துல நடக்கும். அவ்வளவுதான்."

"யாரும் வரலேன்னா?"

அந்தக் கேள்வி தாஃபினாவைக் குத்தியது. மூன்று நாளாக அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் ஒதுக்கிவைத்திருந்த கேள்வி அது. கோதுமையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தனியே வைத்தாள்.

"வரலேன்னா நான் ஒருத்தியே முழுக்கச் சாப்பிடுவேன். ஆனா கொடுக்காம இருக்கமாட்டேன்."

சனிக்கிழமை காலையில் அவித்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட் பொடியும் கலந்து, மேலே வழவழவென்று தடவி, பெரிய தட்டில் எடுத்துக்கொண்டு போனார்கள். ராதோஸ்லாவ் அவளுக்காக நுழைவாயிலருகே ஒரு மேசை போட்டு வைத்திருந்தான். மறுபக்கம் ஒயின் மேசை. அமைச்சகத்துப் பெண்மணி வந்துவிட்டார், நகரத்தந்தை வந்துவிட்டார், சோஃபியாவிலிருந்து கறுப்புச் சட்டைக்காரர்கள் கொஞ்சம் பேர். வயலின் வாசிக்கிற பெண் கோதுமைத் தட்டைப் பார்த்து, எந்தப் பாட்டை வாசிப்பது என்று குழம்பிப்போய் வில்லை இறக்கிவைத்துவிட்டாள்.

பதினோரு மணி ஆனது. ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

தாஃபினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நகரத்தந்தை கடிகாரத்தைப் பார்த்தார். ராதோஸ்லாவ் அவள் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தைப் புரட்டினான். அப்போது, ஜன்னல் பக்கம் போன ஸ்தமென் திரும்பி வந்து அவள் காதில் சொன்னான்: "வெளியில வந்து பாரு."

எதிர்ப்புறச் சாலையோரத்தில், நதியைப் பார்த்த சுவரை ஒட்டி, ஊர் நின்றுகொண்டிருந்தது. கறுப்புக் கோட்டுகள், கையில் பூ. ஒருவரும் சாலையைக் கடக்கவில்லை. எல்லாரும் கலைக்கூடக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், வரமாட்டேன் என்று சொன்ன பராஷ்கெவ்.

கதவை யார் திறக்கிறார்கள் என்று காத்திருக்கிறார்கள் என்பது தாஃபினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டாள். ஸ்தமென் உதவிக்கு வர, "நீ இரு" என்றாள். கதவை அகலத் திறந்துகொண்டு படியில் போய் நின்றாள்.

"நான்தான்" என்று கத்தினாள், காற்றை மீறி. "அவ இல்லை. உள்ளேயும் இல்லை, கதவுக்குப் பின்னாலேயும் இல்லை. வாங்க."

பராஷ்கெவ்தான் முதலில் சாலையைக் கடந்தார். படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கிண்டல் இல்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லு தாஃபினா. உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் மாமா. பெட்டியை மூடறதுக்கு முன்னால என்னைத்தான் உள்ள விட்டாங்க, அடையாளம் சொல்ல. அப்பாவுக்குத் தெம்பில்லை. துணியை எடுத்தாங்க. முகம் அவ முகமாவே இல்லை. நான் இல்லைன்னுதான் சொல்ல இருந்தேன். அப்புறம் கையைப் பாத்தேன். நகத்துக்கடியில பச்சைச் சாயம். எத்தனை கழுவியும் போகலேன்னு நர்ஸம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

நெவ்யானாவின் நகத்துச் சாயம் ஊரறிந்தது. கல்யாணத்துக்கு வந்தாலும் அப்படியே வருவாள்.

"அப்போ வியன்னா?"

"வியன்னா இல்லை மாமா."

"நாய்?"

"நாயும் இல்லை."

எண்பத்துநாலு வயது மனிதர் படிக்குக் கீழே நின்று குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். முதல் அறையில் மாட்டியிருந்த அந்த அழுகை இதில் கால்வாசிகூட இல்லை. "நான்தான்மா தடுத்தேன், வாத்தியத்தை எடுக்காதேன்னு நான்தான்" என்று சொல்லிக்கொண்டே படி ஏறி வந்தார். தாஃபினா இந்த வார்த்தைக்காக நாற்பது வருடம் காத்திருந்தவள். வந்தபோது அது அவளுக்குத் தேவைப்படவில்லை. "எடுத்துக்கோங்க மாமா" என்று தட்டை நீட்டினாள்.

அவர் ஒரு கரண்டிக் கோதுமையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். எங்கள் வழக்கப்படி அதை வாயில் போடுமுன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர் குரல் டிராம்போன் குரல். அக்கரை ருமேனியாவுக்கே கேட்டிருக்கும்.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்."

அவருக்குப் பின்னால் ஊர் வரிசையாக ஏறி வந்தது. ரொட்டிக்கடைக்காரியின் மகள், பழைய தபால்காரர், கொட்டாவிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவரின் மகன். ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள், ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாலு சாட்சிகளோடு மண்ணுக்குள் போனவளுக்கு இப்போது யார் யாரோ வந்துகொண்டே இருந்தார்கள். அமைச்சகத்துப் பெண்மணி ஒயின் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். பெரிய பதவியில் இருந்தாலும் இது தெரியாதவர் இல்லை.

ராதோஸ்லாவைக் காணவில்லை. தாஃபினா திரும்பிப் பார்த்தபோது அவன் கடைசி அறையில் தனியாக, சுவரிலிருந்து அந்தச் சின்ன அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அட்டை இரண்டாகக் கிழிந்து வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, உரைக் காகிதத்தையும் மடித்து அதே பையில் திணித்துவிட்டு வந்தான். நகரத்தந்தை, "உரை?" என்று உதட்டை அசைத்தார். அவன் கூட்டத்துக்கு நடுவே நின்று இரண்டே வாக்கியம் பேசினான்.

"அந்தச் சுவர்ல இருக்கறது ஓவியம் இல்லை. நெவ்யானா ஸ்த்ராஹிலோவா 1986 மார்ச்சுல செத்துட்டாங்க, அவங்க குடும்பம் அதை நமக்குச் சொல்லியிருக்கு, நாமதான் கேக்கல."

பிறகு அவனும் உள்ளங்கையை நீட்டினான். "ஒப்பந்தம் போட்டவங்க உன்னை உரிச்சுடுவாங்களே" என்றாள் தாஃபினா மெதுவாக. "உரிக்கட்டும் மேடம்" என்றான். கோதுமையை வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

தட்டில் விளிம்போரம் கொஞ்சம்தான் மிச்சம். ஸ்தமென் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, கரண்டியை அவள் பக்கம் நீட்டினான்.

"நீயும் எடு தாஃபி. நீ இன்னும் சொல்லல."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. உண்மைதான். கல்லறையில் நின்றபோது ஊர் மேல் இருந்த ஆத்திரத்தில் அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்காவை அவர்களும் ஒழுங்காக வழியனுப்பவில்லை. உள்ளங்கையில் கோதுமை வெதுவெதுப்பாக இருந்தது. தாஃபினா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது, ஒரு கையில் கோதுமை, மறு கையில் கரண்டி, துடைக்க ஒரு கை இல்லை.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றாள். சொன்னதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள், அழுகைக்கு நடுவிலேயே. "ஆனா அவ மன்னிப்புக் கேக்கமாட்டா, ஸ்தமென். எனக்குத் தெரியும். அவ கேக்கவே மாட்டா."